நான் வெட்டிய குறிப்பு

என் வேலை என்னவென்று உறவுக்காரர்களுக்குப் புரியவைக்க நான் செய்த முயற்சி எதுவும் பலித்ததில்லை. "கம்ப்யூட்டர்ல" என்று ஆரம்பித்தால் போதும், பிரிண்டர் ஓடவில்லை, வந்து பார் என்பார்கள். கடைசியில் என் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் பேசறது இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டருக்குப் புரியாது. இவரு நடுவுல நின்னு எடுத்துச் சொல்றாரு" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. எனக்கும் அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால் விஷயம் இதுதான். அனுப்புகிற பக்கம் புது மென்பொருளாக இருந்தால் எக்ஸ்.எம்.எல். என்ற முறையில் செய்தி அனுப்பும். அது ஒழுங்கான வீட்டுச் சமையலறை அலமாரி மாதிரி. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டப்பா, டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டியிருக்கும், பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பாக்களும் இருக்கும். வாங்குகிற பக்கம் பழைய மென்பொருள் என்றால் அதற்கு இந்த அலமாரியெல்லாம் ஒத்துவராது. ஒரே ஒரு வரிதான் வேண்டும். எது முன்னால், எது பின்னால், நடுவில் என்ன கோடு, மொத்தம் எத்தனை எழுத்து என்று கறாராகச் சொல்லிவிடும். நான் டப்பாக்களைத் திறந்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, எல்லாவற்றையும் ஒரு வரியாகக் கோத்து அனுப்ப வேண்டும். பதினாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. வேண்டாததை வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. என்னுடைய வரிகள் சுத்தமாக இருக்கும் என்று அலுவலகத்தில் பேர்.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. வீடு கடலூரில், புதுப்பாளையத்தில். அவள் காலை ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவாள். நான் சாவகாசமாக எழுந்து, அவள் மூடி வைத்துவிட்டுப் போன இட்லியைத் தின்றுவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஒரு செருப்புக்கடை மாடியில் இருக்கிற எங்கள் ஆபீசுக்கு நடந்தே போவேன். இதில் யார் வேலை பெரியது என்று அவள் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வசமாக மாட்டியிருப்பேன்.

அவளுக்கு ஒரு பழக்கம். ரத்தம் எடுத்து முடித்ததும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பெயர், வயது, என்ன பரிசோதனை என்பதெல்லாம் போக, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருக்கும். மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். இவள் அதில் எழுதுவாள். 'ஊசின்னா பயம், பேச்சு குடுத்துக்கிட்டே எடுக்கணும்.' 'வலது கையில நரம்பு கிடைக்காது, குத்திக் குத்திப் பார்க்காதீங்க.' 'இவருக்குக் காது சரியாக் கேக்காது, மகன் நம்பருக்குப் பேசுங்க.' எல்லாம் தமிழில், அவள் பேசுகிற மாதிரியே. இந்தக் கூடத்திலிருந்து நிறைய முடிவுகள் கடலூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஒரு அம்மாள் உட்கார்ந்து, இங்கிருந்து வரும் தாளைப் பார்த்து அவர்களுடைய கம்ப்யூட்டரில் மறுபடி அடிப்பார். அவர் இந்தக் குறிப்புகளைப் படிப்பார். படித்து அதன்படி நடப்பார். இவளும் அந்த அம்மாளும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. ஆனாலும் பொங்கலுக்கு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் குறிப்புகளில் ஒன்று ஒரு இளம்பெண்ணைப் பற்றியது. இவள் எனக்கு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதில்லை. நோயாளிகளின் பெயரை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டாள். "அந்த ஜவுளிக்கடைப் பொண்ணு" என்பாள், அவ்வளவுதான். பிறந்த ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். சிதம்பரத்தில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோயிருந்தது. இது மூன்றாவது.

இரண்டாவது முறை அவளுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்பதுதான் கொடுமை. அந்தக் கடையில் வேலைக்கு வரும் பெண்கள் காலையில் ஃபோனை ஒப்படைத்துவிட வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில் எல்லா ஃபோன்களும் கிடக்கும். சாயங்காலம் நாலரைக்கு டீ நேரத்தில் பத்து நிமிஷம் தருவார்கள். பிறகு கடை மூடும்போதுதான். அன்று டீ நேரத்தில் ஃபோனை வாங்கியவளுக்கு மருத்துவமனையிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. ஒரு எண், பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த பெண்ணிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். பத்து நிமிஷம் முடிந்ததும் மணி அடித்திருக்கிறது. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் கடை மூடும்வரை நின்று புடவை எடுத்துப் போட்டிருக்கிறாள்.

மூன்றாவது முறை ரத்தம் கொடுக்க வந்தபோது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நல்லதோ கெட்டதோ, நீங்க உங்க வாயால சொல்லுங்க. மெசேஜ் மட்டும் வேணாம்க்கா" என்று கேட்டிருக்கிறாள். இவள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி அனுப்பினாள். அவளுக்கு நாள்விட்டு நாள் ஒரு பரிசோதனை. கரு வளர்ந்தால் அந்த எண் மளமளவென்று ஏற வேண்டும், ஏறாவிட்டால் சரியில்லை. முதல் முடிவு வந்த அன்று இவள் குறிப்பில் எழுதினாள்: 'மெசேஜ் அனுப்பாதீங்க. நாலரைக்கு நானே பேசிக்கிறேன்.' மருத்துவமனை அம்மாள் அப்படியே செய்தார். நாலரைக்கு இவள் கூப்பிட்டாள், அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாளாம். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா என்றுகூட இவள் கேட்டிருக்கிறாள். அடுத்த முடிவுதான் தீர்ப்பு மாதிரி.

அந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில்தான் நான் போய் நுழைந்தேன்.

பரிசோதனைக் கூடத்தையும் மருத்துவமனையையும் நேரடியாக இணைக்கிற வேலை சில மாதங்களுக்கு முன்பே எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தது. "எங்க லேபுக்கா பண்றீங்க!" என்று இவளுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிவிட்டு வந்தாள். கூடத்துப் பொறுப்பாளரிடம் மாதிரிக்குச் சில செய்திகள் கேட்டேன். அவர் அனுப்பினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. குறிப்புப் பெட்டி எதிலும் ஒரு எழுத்து இல்லை. வெளியாட்கள் பார்க்கிற சமாச்சாரம், இதில் போய் 'குத்திக் குத்திப் பார்க்காதீங்க' என்றெல்லாம் இருந்தால் கூடத்தின் மானம் போய்விடும் என்று நினைத்து, அவரே ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிப் பரண்மேல் போடுகிறோமே, அந்த மாதிரிதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஏனென்றால் குறிப்பு என்ற டப்பா அலமாரியில் இருப்பது எனக்குத் தெரியும். காலியாக இருந்தாலும் பெயர் ஒட்டியிருந்ததே. மருத்துவமனைப் பக்கம் கேட்டேன். "சார், எங்க சாஃப்ட்வேர்ல தமிழ் வந்தா கேள்விக்குறியாத்தான் விழும். அது வேணாம், எடுத்துடுங்க" என்றார்கள். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. குறிப்பு வந்தால் தாண்டிப் போ என்று எழுதினேன். எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனது நினைவிருக்கிறது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவள் கேட்டாள். "என்னங்க, நான் எழுதற குறிப்பெல்லாம் போவுமில்ல?" நான் ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் போவும்" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன்.

புது ஏற்பாட்டை ஓடவிட்ட நாளன்று நானும் சிதம்பரம் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளோடு அந்த ஏழு மணி பஸ்ஸில் நான் போனது அன்றுதான். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தினமும் இப்படித்தான் தூங்கிக்கொண்டு போவாளா, தினமும் யார் தோளும் இல்லாமல் கம்பியில் தலையை இடித்துக்கொள்வாளா என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. முட்லூரில் தானாகவே விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறங்கறதுக்கு ரெடியாவுங்க" என்றாள்.

கூடத்தின் மாடியில் எனக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். காலை முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. இங்கே அலமாரி, அங்கே வரி. பொறுப்பாளர் எனக்கு வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்துக் கைகுலுக்கினார். மருத்துவமனையில் இனி யாரும் உட்கார்ந்து அடிக்க வேண்டியதில்லை. முடிவு வந்த உடனே டாக்டர் பார்க்கலாம், அரைமணிக்கு ஒருமுறை நோயாளிகளுக்கு மெசேஜ் தானாகப் போய்விடும். அந்த அம்மாளை வரவேற்பு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றேகாலுக்கு என் மனைவி மாடிக்கு வந்தாள். ஒரு கையில் கையுறையைக் கழற்றியிருந்தாள், இன்னொரு கையில் அப்படியே இருந்தது.

"என்னங்க, குறிப்பு எதுவும் போவலயாம். அந்தம்மா ஃபோன் பண்ணாங்க. காலையிலேர்ந்து ஒண்ணுகூட வரலன்றாங்க."

"எந்தக் குறிப்பு?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் எழுதறது. எல்லாம் போவும்னு சொன்னீங்க."

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். அவள் அந்தப் பெண்ணின் பதிவு எண்ணைச் சொன்னாள், தேடினேன். அவளுடைய முடிவு இரண்டே முக்காலுக்கு வந்திருந்தது. அலமாரியில் குறிப்புப் பெட்டி நிறைந்திருந்தது: 'நல்லா ஏறியிருக்கு. மெசேஜ் அனுப்பாதீங்க. நாலரைக்கு நான் சந்தோஷமாச் சொல்லிக்கிறேன்.' அதற்குக் கீழே நான் செய்த வரி இருந்தது. பரிசோதனையின் பெயர், ஆயிரத்து எழுநூற்று முப்பது, ஹை, அப்நார்மல். அவ்வளவுதான். சுத்தமான வரி.

அது ஏன் அப்நார்மல் என்று இவள்தான் எனக்குச் சொன்னாள். கர்ப்பம் இல்லாதவர்களுக்கு என்ன அளவோ அதை வைத்துத்தான் அந்த இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஹை, அப்நார்மல் என்றே போடும். எண் நன்றாக ஏறியிருந்தால் அந்த அம்மாள் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டுத்தான் அடிப்பார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல, மனசாட்சியுள்ள மனுஷி என்பதால் செய்தது. நான் அந்த அம்மாளையும் நடுவிலிருந்து எடுத்துவிட்டேன்.

"நிறுத்துங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தை நிறுத்தினேன். ஆனால் வரி ஏற்கனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, மூன்று மணிக்கு மெசேஜாகவும் கிளம்பிவிட்டது. மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். போன மெசேஜை எப்படித் திரும்ப எடுப்பது, ஒரு புகார் பதிவு பண்ணுங்கள் சார், பார்க்கலாம் என்றார். அவரிடம் கோபப்பட்டேன். என்மேல் பட வேண்டிய கோபம் அது.

அந்த மெசேஜ் இப்போது ஜவுளிக்கடையின் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் அவள் ஃபோனில் கிடந்தது. நாலரைக்குத் திறப்பார்கள். அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

"கடைக்கு ஃபோன் பண்ணிக் கூப்பிடச் சொல்லலாமே" என்றேன்.

"இந்தத் தடவ அவ உண்டாயிருக்கறது அங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வீட்ல இருந்துக்கோன்னு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கா. லேபுலேர்ந்து ஃபோன்னா என்னா ஏதுன்னு தோண்டுவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "நேர்லதான் போவணும். பொடவ வாங்கற மாதிரி போவணும். நீங்களும் வாங்க. நான் தனியாப் போயி அவளயே கூப்பிட்டுக் குசுகுசுன்னு பேசினா சந்தேகப்படுவாங்க. புருஷன் பொண்டாட்டியாப் போனா யாரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாங்க."

கீழே நாலைந்து பேர் ரத்தம் கொடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்து எடுத்தாள். நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை அழுதது, அதற்கு ஏதோ கதை சொன்னாள். அவசரம் அவள் கையில் துளிகூடத் தெரியவில்லை. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. நாலேகாலுக்குக் கிளம்பினோம். ஆட்டோ கிடைத்தாலும் மேலவீதி நெரிசலில் நகராது என்று நடந்தோம்.

நடை இல்லை, கிட்டத்தட்ட ஓட்டம். அப்போதுதான் நான் ஒரு முட்டாள்தனமான காரியம் செய்தேன். "ஒரு வார்த்தைதானே, பாத்துட்டு உனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுக்க மாட்டாளா?" என்றேன். என்னைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது.

அவள் நிற்காமலே சொன்னாள். "எனக்கு அப்படித்தான் வந்துச்சி."

"என்ன வந்துச்சி?"

"நம்மளது."

நாலு வருஷத்துக்கு முன் எங்களுக்கும் ஒரு கரு மூன்று மாதத்தில் கலைந்தது. அதை நான் மறந்தவன் இல்லை. ஆனால் டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார் என்றுதான் அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நானே வைத்துக்கொண்டேன், அவளிடம் கேட்டதில்லை.

"டாக்டரம்மா அப்புறம்தான் சொன்னாங்க. மொதல்ல மெசேஜ்தான். அப்ப வேற லேபுல இருந்தேன். ஒருத்தருக்குக் கையில கயிறு கட்டி ஊசிய எடுத்துட்டேன், அப்ப ஃபோன் அடிச்சிச்சி. பாத்தேன். அவருக்கு எடுத்து முடிச்சேன். ஒங்களுக்கு அப்படியே அனுப்புனேன். நீங்க சென்னையில ஏதோ இதே மாதிரி ஓடவிடற வேலையில இருந்தீங்க. ஓகேன்னு போட்டீங்க."

எனக்குக் கால் நின்றுவிட்டது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப வேணாம். வாங்க, மணியாவுது" என்றாள். அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேருடைய அந்தப் பழைய மெசேஜ்களை நான் அழித்ததில்லை. பிறகு தேடிப் பார்த்தேன். பரிசோதனையின் பெயர், எண், ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதன்கீழே என் ஓகே. ஏதோ வேலை விஷயமாக அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்திருப்பேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மூன்று மணி நேரம் அவள் எத்தனை பேருக்கு ஊசி போட்டாளோ.

கடைக்குள் நுழைந்தபோது நாலரைக்கு ஆறு நிமிஷம் இருந்தது. புடவைப் பிரிவு முதல் மாடியில். படியேறி மூச்சு வாங்க நின்றோம். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி ஊதா நிறப் புடவை கட்டி, முந்தானையை மடித்துப் பின் குத்தியிருந்தார்கள். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். என் மனைவி நேராகப் போய் மூன்றாவது மேஜைமுன் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படிப் புடவைக்கடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"வாங்கக்கா, என்னா மாதிரி பாக்..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். குரல் அப்படியே அறுந்தது.

அவள் என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். வியர்த்துப்போய், தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முகம். ஃபோனில் பேச வேண்டியவள் நேரில் வந்து நிற்கிறாள். அதைப் பார்த்து அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அவள் முகம் வெளிறுவது எனக்கே தெரிந்தது. ஆனால் கைகள் மட்டும் பழக்கத்தில் ஒரு புடவையை உருவிப் பிரித்துக்கொண்டிருந்தன.

"போச்சாக்கா?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

"இல்லடி, இல்ல. ஏறியிருக்கு" என்று என் மனைவி மேஜைமேல் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா ஏறியிருக்கு. அன்னிக்கு எண்ணூத்திச் சொச்சம் இருந்தது, இன்னிக்கு ஆயிரத்து எழுநூத்தி முப்பது. நல்லா வளருது. என் வாயால சொல்றேன், கேட்டுக்க. நல்லா இருக்கு."

அவள் பிரித்த புடவையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழக்கூடாத இடம் அது. இரண்டு மேஜை தள்ளி மேற்பார்வைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பின்ன ஏன்க்கா நேர்ல வந்தீங்க?"

"அதுவா? ஒன் ஃபோன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும். அப்நார்மல்னு போட்டிருக்கும். அத நம்பாத. எல்லாக் கர்ப்பிணிக்கும் அந்த மெஷின் அப்படித்தான் போடும். அது ஒன் கண்ணுல படாம இருக்கணும்னுதான் நான் எழுதி வச்சேன். அத எடுத்துட்டாங்க." தலையை என் பக்கம் ஆட்டினாள். "இவருதான். எங்க வீட்டுக்காரரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். "தப்பு என்னுதும்மா. இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றேன். பண்ணினேன். அன்று மாலையே, கூடத்து மாடியில் உட்கார்ந்து, குறிப்பு வந்திருந்தால் அந்த முடிவை மெசேஜுக்கு விடாமல் தனியாக நிறுத்தி, குறிப்பை அப்படியே தமிழில் வரவேற்பு மேஜையில் இருந்த அந்த அம்மாளின் ஃபோனுக்கு அனுப்புகிற மாதிரி மாற்றினேன். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. மறுநாள் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அங்கே கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

"பரவால்லண்ணா" என்றாள் அவள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. குனிந்து இன்னொரு புடவையை எடுக்கிற மாதிரி மேஜைக்கு அடியில் போனாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கையில் மாம்பழ மஞ்சளில் ஒரு பருத்திப் புடவை இருந்தது. மூக்கு சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு சின்ன வயது என்பது சிரித்தபோதுதான் தெரிந்தது.

மேற்பார்வைக்காரர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். அவள் அவரைக் கண்டதும் நிமிர்ந்து, கடையில் சொல்லிக்கொடுத்த குரலுக்கு மாறினாள். "இது கஞ்சி போட்ட காட்டன்கா. தொவைக்கத் தொவைக்க மெத்துன்னு ஆவும், சாயம் போவாது" என்றாள். அவர் எங்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். இன்னும் பேச வேண்டும், வாடிக்கையாளரைச் சும்மா விடக்கூடாது. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவள் என் மனைவியிடமும் கேட்டாள்.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா? கீழ புள்ளைங்க துணி புதுசா வந்திருக்கு, பாக்கறீங்களா?"

தான் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கல்யாண வீட்டில், பஸ்ஸில், பந்தியில் பக்கத்து இலையிலிருந்து என்று எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு எப்போதும் பதில் சொல்கிறவன் நான். அவள் பேச வேண்டிய சங்கடம் வேண்டாம் என்று முந்திக்கொண்டு, "இன்னும் இல்லைங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதை நான் அவளுக்குச் செய்கிற உதவி என்றே நினைத்திருந்தேன்.

அன்றும் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள். புடவையின் கரையைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒண்ணு இருந்துச்சிம்மா."

அந்தப் பெண்ணின் கை நின்றது. ஒரு கணம் அவள் கடைப் பெண்ணாக இருக்கவில்லை. மேற்பார்வைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் என்னைப் பார்த்தார். நாலு வருஷமாக 'இன்னும் இல்லை' என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் என் மனைவி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாம்மா" என்றேன். "எங்களுக்கு ஒண்ணு இருந்துச்சி."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். கீழே டீக்கு மணி அடித்தது.